குழந்தையோட கழுத்து ஒரு பக்கமாவே சாயுதா? ஆபரேஷன் வரைக்கும் போற அம்மா அப்பாவுக்கு

பாப்பா பிறந்து மூணாவது வாரம், எண்ணெய் தேய்ச்சு குளிப்பாட்டும்போது எங்க அம்மா கையில வலது பக்கக் கழுத்துல ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு, கொட்டைப்பாக்கு அளவு இருக்கும், அமுக்கினா வலிக்கிற மாதிரி அழவும் இல்ல. தலை எப்பவும் வலது தோள் பக்கம் சாஞ்சிருக்கும், ஆனா முகவாய்க்கட்டை இடது பக்கம் திரும்பியிருக்கும். ஒரு பக்க மார்புல நல்லா குடிப்பா, இன்னொரு பக்கம் மாத்தினா தலைய திருப்ப முடியாம சிணுங்குவா. "உரம் விழுந்திருக்கு"ன்னு சொல்லி உரம் எடுக்கிற பாட்டிகிட்ட கூட்டிட்டுப் போனோம், சேலையில போட்டு ரெண்டு பேர் இழுத்து உருட்டினாங்க, ரெண்டு தடவை. அதெல்லாம் பண்ணவே கூடாதுன்னு எனக்கு அப்ப தெரியாது. கடைசியில ரெண்டேகால் வயசுல ஆபரேஷன் பண்ணி, அதுக்கப்புறம் பல மாசம் கழுத்துல பட்டையா போடற காலர், எக்சர்சைஸ்னு ஓடி, இப்ப கழுத்து நேரா நிக்குது. நாங்க தடுமாறினது எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன், இப்பதான் இந்த வழியில கால் வைக்கிறவங்களுக்கு உதவும். உங்க குழந்தைக்கு என்ன பண்ணனும்ங்கறது உங்க டாக்டர் பார்த்துதான் சொல்லணும், இது அவர்கிட்ட போகும்போது விவரம் தெரிஞ்சு போறதுக்கு.

இது என்ன பிரச்சனை

காதுக்குப் பின்னாடி இருக்கற எலும்புல ஆரம்பிச்சு கழுத்து ஓரமா இறங்கி, நெஞ்செலும்புலயும் காலர் எலும்புலயும் ரெண்டு காலா வந்து ஒட்டுற ஒரு தசை இருக்கு. தலைய திருப்புங்க, கழுத்துல கயிறு மாதிரி எழும்பும், அதுதான். பேரு ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு, டாக்டருங்க எஸ்.சி.எம்.னு சொல்லுவாங்க. சில குழந்தைகளுக்கு பிறக்கும்போதே ஒரு பக்கம் மட்டும் இந்தத் தசை நார் நாரா இறுகி குட்டையா போயிடுது. அதனால தலை அந்தப் பக்கம் சாயும், முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். இதுக்குப் பேரு கன்ஜெனிட்டல் மஸ்குலர் டார்டிகாலிஸ், நம்ம பக்கம் கோணக் கழுத்துன்னு சொல்றோம்.

ஏன் வருதுன்னா, வயித்துக்குள்ள இடம் நெருக்கமா இருந்து கழுத்து ஒரே பக்கம் மடங்கியே இருந்ததால தசைக்கு ரத்த ஓட்டம் சரியா போகாம இறுகிடுதுன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. குழந்தை புட்டம் கீழ இருந்து பிறந்தது, தலைப்பிரசவம், கஷ்டப்பட்டு ஆன பிரசவம், இதுலல்லாம் கொஞ்சம் அதிகமா பார்க்கறாங்க. எங்க பாப்பாவும் புட்டம் கீழ இருந்ததாலதான் சிசேரியன் பண்ணாங்க. கர்ப்பத்துல நீங்க எதையோ தூக்கினதாலயோ கிரகணத்துல வெளிய போனதாலயோ வந்தது கிடையாது. இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா எங்க வீட்டுல இந்தப் பேச்சுதான் ரொம்ப நாள் ஓடுச்சு, பெத்தவளோட மனசு அதுல படாத பாடு படும்.

முதல் வேலை: இது அதுதானான்னு உறுதி பண்றது

கழுத்து சாயற எல்லாமே தசைப் பிரச்சனை கிடையாதுங்க. இந்த ஸ்டெப்ப தாண்டிட்டு நேரா ஆபரேஷன் பேச்சுக்குப் போகவே கூடாது.

குழந்தைங்க டாக்டர் முதல்ல கழுத்த தொட்டுப் பார்ப்பாரு. தசை கயிறு மாதிரி இறுகியிருக்கா, கட்டி இருக்கா, தலைய மெதுவா திருப்பினா எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்ப்பாரு. கட்டி இருந்தா கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுப்பாங்க, ஊசி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. கட்டின்னதும் கேன்சரோன்னு எங்களுக்கு உயிரே போச்சு, ஆனா இது தசைக்குள்ளயே வர்ற நார்க்கட்டி, புத்துநோய் இல்ல.

அடுத்தது இடுப்பு. இந்தக் கழுத்துப் பிரச்சனை இருக்கற குழந்தைகள்ல சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியா உட்காராம இருக்கும், அதனால இடுப்ப கட்டாயம் பார்க்கணும். சின்னக் குழந்தையா இருந்தா அல்ட்ராசவுண்ட், நாலஞ்சு மாசம் தாண்டினா எக்ஸ்ரே. டாக்டர் சொல்ல மறந்தாலும் நீங்க கேளுங்க.

அப்புறம் கண். சில குழந்தைகளுக்கு கண்ணை அசைக்கிற ஒரு தசை பலவீனமா இருக்கும், நேரா பார்த்தா ரெண்டு ரெண்டா தெரியும், அத சரி பண்ண குழந்தை தானா தலைய சாய்ச்சு வச்சுக்கும். அங்க கழுத்துத் தசை இறுகியிருக்காது, ஒரு கண்ணை மூடினா பல நேரம் தலை நேராயிடும். அந்தக் குழந்தைக்கு கழுத்துல ஆபரேஷன் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல. அதே மாதிரி கழுத்தெலும்பே பிறவியில ஒட்டியோ அரைகுறையாவோ உருவாகியிருந்தாலும் தலை சாயும், அதுக்குத்தான் கழுத்து எக்ஸ்ரே. சேலையில போட்டு உருட்டறது ஏன் ஆபத்துன்னு இப்ப புரியும், உள்ள எலும்பு எப்படி இருக்குன்னு தெரியாம ஒரு மாசக் குழந்தையோட கழுத்த முறுக்கினா என்ன ஆகும்னு நினைச்சாலே எனக்கு இன்னிக்கும் கை நடுங்குது.

இன்னொன்னு, நல்லா இருந்த குழந்தைக்கு திடீர்னு கழுத்து சாஞ்சா, கூடவே ஜுரம், தொண்டை வலி, வாந்தி, தலைவலி, நடை தள்ளாடறது ஏதாவது இருந்தா இந்தக் கட்டுரைய மூடி வச்சுட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அது வேற விஷயம், மூளை வரைக்கும் பார்க்க வேண்டியிருக்கும்.

பிசியோதெரபி, ஒழுங்கா, நிறுத்தாம

நல்ல சேதி என்னன்னா பெரும்பாலான குழந்தைகளுக்கு கத்தியே தேவைப்படாது. ஒரு வயசுக்குள்ள ஒழுங்கா ஸ்ட்ரெச்சிங் ஆரம்பிச்சா பத்துல ஒன்பது பேருக்கு மேல சரியாயிடுது. ஹாங்காங்ல 821 குழந்தைகள பார்த்து 2001ல ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டாங்க, அதுல கட்டியோட வந்த குழந்தைகள்ல கூட நூத்துக்கு எட்டு பேருக்குத்தான் ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு, கட்டி இல்லாம தசை மட்டும் இறுகியிருந்தவங்கள்ல நூத்துக்கு மூணு பேருக்கு. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது, முதல் மாசத்துலயே ஆரம்பிச்ச குழந்தைங்க ஒன்றரை ரெண்டு மாசத்துல தேறிடறதுண்டு.

வலது பக்கம் இறுகியிருக்குன்னு வச்சுக்கோங்க. ரெண்டே அசைவுதான். ஒண்ணு, இடது காது இடது தோளத் தொடற மாதிரி மெதுவா சாய்க்கிறது. இன்னொன்னு, முகவாய வலது தோள் பக்கம் திருப்பறது. வலது தோள ஒருத்தர் பிடிச்சுக்கணும், இல்லன்னா தோளும் சேர்ந்து எழும்பிடும். எத்தனை நொடி பிடிக்கணும், ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு பிசியோதெரபிஸ்ட் உங்க கையப் பிடிச்சு சொல்லிக் கொடுக்கணும், யூடியூப் பார்த்து ஆரம்பிக்காதீங்க. குழந்தை முகம் நிறம் மாறினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே விட்டுடணும்.

கூடவே வீட்டுல பண்றது. கிலுகிலுப்பை, லைட், அப்பா முகம் எல்லாம் வலது பக்கத்துல இருந்து வரணும், அப்பதான் அது தானா திரும்பும். முழிச்சிருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடணும், தூங்க மட்டும் மல்லாக்கத்தான். தூளியில மணிக்கணக்கா போடறத குறைங்க, அதுல தலை அது இஷ்டத்துக்கு ஒரே பக்கம் மடங்கிக் கிடக்கும், பின்மண்டை ஒரு பக்கம் சப்பையாகிடும்.

இப்ப நாங்க பண்ண தப்ப சொல்றேன், தயவுசெஞ்சு இத நல்லா மனசுல வச்சுக்கோங்க. ஆறாவது மாசத்துல அந்தக் கட்டி கரைஞ்சு போச்சு. "கட்டியே போயிடுச்சே, சரியாயிடுச்சு"ன்னு நாங்க பிசியோவுக்குப் போறத நிறுத்திட்டோம். ஆனா அந்தக் கட்டி நாலுல இருந்து எட்டு மாசத்துக்குள்ள பெரும்பாலும் தானா கரையும், தசை நீண்டுடுச்சுங்கறதுக்கு அது அடையாளம் கிடையாது, கட்டி போன இடத்துல தசை நாரா இறுகி நிக்கலாம். எங்க பாப்பாவுக்கு அதான் ஆச்சு. நடுவுல நாங்க பார்த்த ஒரு டாக்டர் "வளர வளர சரியாயிடும்"னு சொன்னத நம்பி இன்னும் ஆறு மாசம் போச்சு. ஒன்றரை வயசுல ஒரு கல்யாண வீட்டு போட்டோவ பார்க்கும்போதுதான் சுருக்குன்னு பட்டுச்சு, அப்புறம் போன்ல இருந்த பழைய போட்டோ எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தா ஒண்ணுல கூட தலை நேரா இல்ல. நீங்களும் மாசம் ஒரு தடவை அதே இடத்துல உட்கார வச்சு நேரா ஒரு போட்டோ எடுத்து வைங்க, தினம் பார்க்கற நம்ம கண்ணுக்கு சாய்வு பழகிப் போயிடும், போட்டோவுல தப்பாது, டாக்டருக்கும் அது பெரிய உதவி.

ஆபரேஷன் எப்ப முடிவு பண்றாங்க

பொதுவா டாக்டருங்க பார்க்கறது இதான். குறைஞ்சது ஆறு மாசம் ஒழுங்கா ஸ்ட்ரெச்சிங் பண்ணியும் சரியாகல, வயசு ஒண்ணு தாண்டிருச்சு, கழுத்து திரும்பறதுல நல்ல பக்கத்தவிட 15 டிகிரிக்கு மேல குறை இருக்கு, தொட்டா கயிறு மாதிரி பட்டை நிக்குது, முகம் ஒரு பக்கம் சிறுத்துக்கிட்டு வருது. இதெல்லாம் சேர்ந்து இருந்தா இனி பிசியோவால மட்டும் நீளாதுன்னு சொல்லுவாங்க.

வயசு விஷயத்துல ஒண்ணு முதல் நாலஞ்சு வயசுக்குள்ளங்கறதுதான் பெரும்பாலும் சொல்றது. காரணம் முகம். தலை சாஞ்சே வளர்ந்தா அந்தப் பக்கக் கன்னம், கண் மட்டம், தாடை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கோணிக்கும், சின்ன வயசுல கழுத்த விடுவிச்சுட்டா வளர்ற எலும்பு தானா ஓரளவு சரி பண்ணிக்கும், வயசு ஏற ஏற அந்த வாய்ப்பு குறையும். ரொம்பச் சின்னதா இருந்தாலும் கஷ்டம், ஆபரேஷனுக்கப்புறம் காலர் போட்டுக்கிட்டு எக்சர்சைஸுக்கு ஒத்துழைக்கணுமே. உங்க பிள்ளைக்கு பத்து வயசோ பதினஞ்சு வயசோ ஆயிடுச்சுன்னா வாய்ப்பு போயிடுச்சுன்னு உட்கார்ந்துடாதீங்க, பெரிய பிள்ளைகளுக்கும் பண்றாங்க, கழுத்து அசைவும் தலை நேரா நிக்கிறதும் நல்லா மேம்படும், முகக் கோணல் மட்டும் முழுசா போகாம இருக்கலாம்.

போட்டாக்ஸ் ஊசி, அதாவது தசைய கொஞ்ச நாளைக்கு தளர்த்தி விடற ஊசி, அதப் பத்தி கேட்பீங்க. சில இடத்துல ஆபரேஷனுக்கு முன்னாடி அத முயற்சி பண்றாங்க, ஆனா நல்லா நாரா இறுகிப்போன தசைக்கு அது பெருசா உதவாதுன்னுதான் எங்க சர்ஜன் சொன்னாரு.

யார்கிட்ட போறது, பணம் எப்படி

குழந்தைகளுக்கான சர்ஜன், இல்லன்னா குழந்தைகள் எலும்பு மருத்துவர், இவங்கதான் இத பண்றாங்க. சென்னையில எழும்பூர் குழந்தைகள் நல ஆஸ்பத்திரி, வேலூர் சி.எம்.சி. மாதிரி பெரிய இடங்கள்ல ரெண்டு பிரிவுமே உண்டு, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்லயும் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கான்னு கேளுங்க. கேட்க வேண்டிய கேள்விய ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க: தசைய ஒரு முனையில வெட்டுவீங்களா ரெண்டு முனையிலயா, தழும்பு எங்க வரும், காலர் எத்தனை வாரம், அது எங்க செய்யறது, பிசியோ எந்த நாள்ல இருந்து, இங்கயேவா எங்க ஊர்லயா. கடைசிக் கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது, ஆபரேஷன் தூரத்துல பண்ணலாம், பிசியோ வீட்டுக்குப் பக்கத்துல இருந்தாதான் விடாம போக முடியும்.

அரசு ஆஸ்பத்திரில செலவு பெருசா இருக்காது. தனியார்ல போறதா இருந்தா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு பாருங்க, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் இருக்கு. ஆனா எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆபரேஷன் அதுல வருதுங்கறத அந்த ஆஸ்பத்திரில இருக்கற காப்பீட்டு கவுன்ட்டர்ல முதல்லயே கேட்டு, அப்ரூவல் வந்தப்புறம்தான் அட்மிஷன் போடணும், பண்ணிட்டு அப்புறமா கேட்டா கிடைக்காது. கம்பெனி இன்சூரன்ஸ், சொந்த பாலிசி வச்சிருக்கவங்க பிறவிக் குறைபாடு பத்தி அதுல என்ன போட்டிருக்குன்னு படிங்க, வெளிய தெரியற பிறவிக் குறைபாட்டுக்கு பணம் தராத பாலிசி நிறைய இருக்கு. பின்னாடி சண்டை போட்டு அலையறதுக்கு முன்னாடி கேட்டுக்கறது நல்லது.

உள்ள என்ன பண்ணுவாங்க

முழு மயக்கம் கொடுத்துதான் பண்ணுவாங்க. காலர் எலும்புக்கு ஒரு விரல் மேல, தோல் மடிப்போட சேர்ந்த மாதிரி குறுக்க சின்னதா கீறி, நெஞ்செலும்புக்கு வர்ற கால், காலர் எலும்புக்கு வர்ற கால் ரெண்டையும் வெட்டி விடுவாங்க. எலும்பு மேலயே கீறினா தழும்பு அதுல ஒட்டி அசிங்கமா தெரியும், அதான் கொஞ்சம் மேல. வெட்டினதும் டாக்டர் அங்கயே தலைய திருப்பி, சாய்ச்சு, விரல் விட்டுப் பார்த்து எங்கயாவது பட்டை மிச்சம் இருந்தா அதையும் விடுவிப்பாரு. இத யூனிபோலார் ரிலீஸ்னு சொல்றாங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு பல நேரம் இதுவே போதும்.

இறுக்கம் ஜாஸ்தியா இருந்தா, இல்ல வயசு கூடியிருந்தா, காதுக்குப் பின்னாடி இருக்கற மேல் முனையையும் வெட்டுவாங்க, அது பைபோலார். அதோட சில சர்ஜன்கள் நெஞ்செலும்புக்கு வர்ற கால முழுசா வெட்டாம இசட் எழுத்து மாதிரி வெட்டி நீட்டித் தைப்பாங்க, கழுத்துக்கு முன்னாடி நமக்கெல்லாம் ரெண்டு பக்கமும் வி மாதிரி தெரியுதே, அந்த அமைப்பு போகாம இருக்க.

தசைய வெட்டிட்டா கழுத்துல பலம் போயிடாதான்னு எங்க மாமனார் டாக்டர்கிட்டயே கேட்டுட்டாரு, நல்ல கேள்வி அது. கழுத்துல வேற தசை நிறைய இருக்கு, தலைய அதெல்லாம் தாங்கும். வெட்டின ரெண்டு முனைக்கும் நடுவுல இடைவெளி விழும், அது புதுத் தழும்புத் திசுவால நிரம்பும். அந்தத் திசு எந்த நீளத்துல ஆறுதோ அதான் இனிமே அந்தத் தசையோட நீளம். நீட்டி வச்சு ஆற விட்டா நீளமா ஆறும், சும்மா விட்டா சுருங்கி பழையபடி இழுத்துக்கும். இந்த ஒரு விஷயம் புரிஞ்சப்புறம்தான் காலரும் எக்சர்சைஸும் ஏன்னு எனக்கு வெளங்குச்சு, அதுவரைக்கும் ஆபரேஷன் முடிஞ்சா வேலை முடிஞ்சதுன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்.

ஆபத்தும் சொல்லணும். கழுத்துங்கறதால பக்கத்துலயே பெரிய ரத்தக் குழாய், தோள தூக்கற நரம்பு, மேல வெட்டும்போது முகத்து நரம்பு, காது மடல் உணர்ச்சி நரம்பு எல்லாம் இருக்கு. பழகின கைக்கு இதெல்லாம் அடிபடறது அபூர்வம், ஆனா சம்மதப் பத்திரத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா கேட்டுக்கோங்க. ரத்தம் உள்ள கட்டறது, புண்ணு சீழ் பிடிக்கிறது, தழும்பு தடிக்கிறது, மறுபடி இறுகறது, இதெல்லாமும் சிலருக்கு வரும்.

மயக்க மருந்து மூளைய பாதிக்குமோன்னு பயப்படறவங்களுக்கு: அமெரிக்க மருந்துத் துறை 2016ல கொடுத்த எச்சரிக்கை மூணு வயசுக்குள்ள மூணு மணி நேரத்துக்கு மேலயோ, திரும்பத் திரும்பவோ கொடுக்கறதப் பத்தினது. இந்த ஆபரேஷன் பெரும்பாலும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும். இருந்தாலும் மயக்க டாக்டர முன்கூட்டியே பார்த்துப் பேசுங்க, கழுத்து திரும்பாததால மூச்சுக்குழாய் வைக்கறது சிரமமா இருக்குமான்னு அவரும் பார்த்துக்கணும்.

முதல் நாளும் அன்னிக்கும்

சளி, இருமல், ஜுரம் இருந்தா மறைக்காம சொல்லிடுங்க, தள்ளிப் போட்டாலும் பரவாயில்ல, மயக்கத்துல அது பெரிய சிக்கலாகும். சாப்பாட்டுக்கு அவங்க சொல்ற நேரத்த மணி பார்த்து கடைப்பிடிங்க. வழக்கமா இட்லி சோறு, பசும்பால், பவுடர் பால் எல்லாம் ஆறு மணி நேரம் முன்னாடி, தாய்ப்பால் நாலு மணி நேரம், வெறும் தண்ணி ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும். பிள்ளை அழுதுன்னு பாட்டி ஒரு பிஸ்கட்ட வாயில வச்சுட்டா ஆபரேஷன் அன்னிக்கு கேன்சல்தான், அதனால கூட வர்ற எல்லார்கிட்டயும் முதல் நாளே சொல்லி வைங்க. அரைஞாண் கயிறு, தாயத்து, வளையல், கொலுசு, கம்மல் எல்லாம் கழட்டிடணும், கண் மையும் பொட்டும் வேண்டாம். முன்னாடி பட்டன் வச்ச சட்டை நாலஞ்சு எடுத்து வைங்க, தலை வழியா போடற டிரஸ் இனி ரெண்டு மூணு மாசத்துக்கு உதவாது. காலர் முன்னாடியே அளவெடுத்து செஞ்சு வச்சிருந்தா ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாடியே வீட்டுல பொம்மைக்குப் போட்டு, அப்பாவுக்குப் போட்டு, அப்புறம் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்க, எங்களுக்கு இது நல்லா வேலை செஞ்சுது.

முதல் சில நாள்

முழிச்சதும் பயங்கரமா அழும், அது வலியவிட மயக்கம் தெளியற குழப்பம். வலிக்கு மருந்து கொடுப்பாங்க, நேரம் தவறாம கொடுங்க, வலி வந்தப்புறம் கொடுக்கலாம்னு காத்திருக்க வேண்டாம். முதல்ல தண்ணி, அப்புறம் கஞ்சி, இட்லி. ஒண்ணுல இருந்து மூணு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இத மட்டும் கவனிங்க: கழுத்து வேகமா வீங்கினா, மூச்சு விட கஷ்டப்பட்டா, கட்டு நனையற அளவு ரத்தம் வந்தா, ஜுரம் ஏறினா, அழும்போது வாய் ஒரு பக்கம் இழுத்தா, ஒரு பக்கத் தோளத் தூக்க முடியலன்னா உடனே சொல்லணும். முதல் ரெண்டும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஓடணும்.

காலரும் எக்சர்சைஸும், பாதி வேலை இங்கதான்

காலர் போடறது தலைய சும்மா நேரா வைக்கறதுக்கு மட்டும் இல்ல, கொஞ்சம் எதிர்ப்பக்கமே சாய்ச்சு வைப்பாங்க, அதாவது வலது பக்கம் வெட்டினா தலை இடது பக்கம், முகவாய் வலது பக்கம். ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும், ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு கணக்கு. எங்களுக்கு காலர் போட்டது ஏப்ரல் மாச வெயில்ல. காலருக்குள்ள வேர்வை, பால் சொட்டு, சோத்துப் பருக்கை எல்லாம் போய் மூணாவது நாளே முகவாய்க்கட்டைக்குக் கீழ செவந்து போச்சு. அப்புறம் கண்டுபிடிச்சது இதான்: மெல்லிசான பழைய காட்டன் வேட்டிய நாலு விரல் அகலத்துல கிழிச்சு காலருக்குள்ள ஓரமா மடிச்சு வச்சுட்டு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தறது, சாப்பிடும்போது மேல ஒரு துண்டு, டாக்டர் கழட்டச் சொன்ன நேரத்துல தோலத் துடைச்சு நல்லா காய விடறது. பவுடர் போடாதீங்க, வேர்வையோட சேர்ந்து கட்டியாகி இன்னும் உரசும். செவந்த இடம் பத்து நிமிஷத்துல மறையலன்னா காலர் எங்கயோ அழுத்துதுன்னு அர்த்தம், செஞ்சவங்ககிட்ட போய் சரி பண்ணிக்கணும், நீங்களா லூஸ் பண்ணி விட்டுடாதீங்க.

எக்சர்சைஸ் சில டாக்டர் முதல் வாரமே ஆரம்பிப்பாங்க, சிலர் தையல் ஆறினப்புறம். அசைவு பழைய ரெண்டேதான், ஆனா இப்ப உண்மையாவே வலிக்கும், பிள்ளை அழும், நமக்கும் கண்ணுல தண்ணி வந்துரும். நாங்க வலி மருந்து கொடுத்து அரை மணி கழிச்சு, வெதுவெதுப்பான துணி ஒத்தடம் பிசியோ மேடம் சொன்ன மாதிரி வச்சு, அப்புறம் பண்ணுவோம். என் வீட்டுக்காரர் தோளப் பிடிச்சுக்குவாரு, நான் தலைய, பத்து எண்ணறத பாப்பாதான் எண்ணுவா, ஏழ விட்டுட்டு எட்டுக்குப் போயிடுவா. காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி, நாலு வேளை, காலண்டர்ல ஒவ்வொரு வேளைக்கும் ஒரு ஸ்டார் ஸ்டிக்கர். குறைஞ்சது மூணுல இருந்து ஆறு மாசம், அப்புறமும் வருஷம் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா பண்ணச் சொன்னாங்க.

கண்ணாடி வேலை ஒண்ணு இருக்கு, அத விட்டுடாதீங்க. ரெண்டு வருஷமா சாய்ஞ்சே பார்த்து பார்த்து பிள்ளையோட மூளைக்கு அந்த சாய்வுதான் நேர்னு பதிஞ்சிருக்கும், கழுத்து ஃப்ரீ ஆனாலும் பழக்கத்துல அதே பக்கம் சாயும். பீரோ கண்ணாடியில நட்ட நடுவுல மேல இருந்து கீழ வரைக்கும் செவப்பு டேப் ஒட்டினோம். பாப்பா மூக்கு நுனியில ஒரு ஸ்டிக்கர் பொட்டு, நெத்தியில ஒண்ணு. ரெண்டு பொட்டும் செவப்புக் கோட்டு மேல உட்காரணும், அதான் விளையாட்டு. முதல் நாள் நேரா நிக்க வச்சா "அம்மா, விழறேன்"னு கத்தினா, அவளுக்கு அப்படித்தான் தோணியிருக்கு. மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் பல் தேய்க்கப் போனவ நான் சொல்லாமயே கண்ணாடி முன்னாடி நின்னு தானா தலைய சரி பண்ணிக்கிட்டத கதவோரமா நின்னு பார்த்தேன்.

தழும்பு, செக்கப், அதுக்கப்புறம்

புண்ணு நல்லா மூடினப்புறம் டாக்டர் சரின்னா தழும்ப விரலால மெதுவா வட்டமா நீவி விடலாம், சிலருக்கு சிலிகான் ஜெல் எழுதிக் கொடுப்பாங்க. முதல் வருஷம் வெயில் நேரா படாம பாருங்க, கறுத்துடும். தழும்பு முதல் சில மாசம் செவந்து தடிச்சு தெரியும், அப்பறம் மெல்ல மங்கும், ஒரு வருஷம் போனாதான் கடைசி நிறம் தெரியும்.

செக்கப்ப ஒண்ணு கூட தவற விடாதீங்க, குறிப்பா முதல் ஒரு வருஷம். முகம் சரியாகறது மெதுவா நடக்கும், அதுக்கும் மாசாந்திர போட்டோதான் சாட்சி. அசைவு மறுபடி குறையுது, கழுத்துல பட்டை தட்டுப்படுதுன்னா காத்திருக்காம போங்க, சீக்கிரம் தெரிஞ்சா பல நேரம் பிசியோவ கூட்டியே சமாளிச்சிடறாங்க, தாமதமானா மறுபடி ஆபரேஷன் வரைக்கும் போகலாம். தலை சாய்வு திரும்ப வந்து, ஆனா கழுத்து இறுகல, நல்லா திரும்புதுன்னா கண் டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டுங்க.

பிளே ஸ்கூல், அங்கன்வாடி போற பிள்ளைன்னா டீச்சர்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லி வைங்க: காலர் யாரும் கழட்டக் கூடாது, உட்கார வைக்கிற இடம் வெட்டின பக்கமா திரும்பிப் பார்க்கற மாதிரி இருக்கணும், அதாவது எங்க பாப்பாவுக்கு போர்டு வலது பக்கம் வரணும். எங்க அங்கன்வாடி டீச்சர் அவள இடது ஓரமா சுவத்தோரம் உட்கார வச்சு, கதை சொல்லும்போது தானும் வலது பக்கமா போய் நின்னுக்கிட்டாங்க.